“யார் ஓட்டினது?” என்று முதலில் கேட்காதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு, ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் நாத்தனார் மகள் ஒரு செய்தி போட்டாள். கோயம்புத்தூரிலிருந்து குன்னூர் போயிருக்கிறாள். கியர் தானாக மாறுகிற ஏ.எம்.டி. வண்டி. பர்லியாறு தாண்டியதும் மேட்டில் நெரிசல். முக்கால் மணி நேரம் நின்று நின்று ஏறியதில் வண்டிக்குள் கருகிய வாடை. “இது என்னவா இருக்கும்? யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டிருந்தாள்.

முதலில் வந்த பதில், “யார் ஓட்டினது?”

“நான்தான்” என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சிரிப்பு எமோஜி. ஒருவர்கூட எப்போது வந்தது, எப்படிப்பட்ட வாடை, வண்டி இழுக்கிறதா இல்லையா என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் அந்தச் செய்தியையே அழித்துவிட்டாள்.

அவள் அழித்ததைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. சில வருடங்களுக்கு முன்னால் இதே வாடை, இதே கேள்வி, இதே சிரிப்பு எனக்கும் நடந்தது. அன்றைக்கு நான் ஒரு தப்பு செய்தேன். அதை இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2018-ல் நான் ஓய்வு பெற்றேன். வேலை பார்த்த காலமெல்லாம் டவுன் பஸ்ஸிலும், கடைசிப் பத்து வருடம் ஸ்கூட்டியிலும் பள்ளிக்கூடம் போய் வந்தவள். பணிக்கொடை கைக்கு வந்ததும் ஒரு ஆசை, கார் ஓட்ட வேண்டும் என்று. நாமக்கல்லில் இருந்துகொண்டு வண்டி ஓட்டத் தெரியாமல் செத்துப்போவதா என்று வேடிக்கையாகச் சொல்வேன். லாரிக்கும் பாடி கட்டுகிற பட்டறைக்கும் பேர் போன ஊர். என்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று ஸ்டியரிங் பிடித்தோ ஸ்பேனர் பிடித்தோதான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, ஒரு பழைய சின்ன பெட்ரோல் காரையும் வாங்கிவிட்டேன். சாதாரண கியர் வண்டி. அப்போது எனக்கு வயது 58.

ஊருக்குள் நானே ஓட்டுவேன். தூரப் பயணம், மலைப் பயணம் என்றால் ஒரு தம்பியைக் கூப்பிட்டுக்கொள்வேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருந்தான். பெயர் வேண்டாம். இதைப் படிக்கிற சிலருக்குத் தெரியும். அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2022 ஆடி மாதம். கொல்லிமலைக்குப் போனோம். நாங்கள் இருவர், என் கொழுந்தனார், அவர் மனைவி, ஓட்டுவதற்கு அந்தத் தம்பி. காரவள்ளியில் ஆரம்பித்தால் மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். பாதிக்கு மேல் ஏறியிருப்போம். முன்னால் ஒரு பஸ் திரும்ப முடியாமல் நின்று நின்று போனது. அப்போதுதான் அந்த வாடை வந்தது. பழைய செய்தித்தாளையும் கிழிந்த துணியையும் சேர்த்துக் கொளுத்தினால் வருமே, அந்த மாதிரி. தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

தம்பி ஓரமாக நிறுத்தினான். “கிளட்ச் சூடாயிருச்சுங்க டீச்சர். அரை மணி நேரம் ஆறட்டும்” என்றான்.

கொழுந்தனார் இறங்கி நின்றுகொண்டு, “அண்ணி ஓட்டுற வண்டியில கிளட்ச் மிச்சம் இருந்தாத்தான் அதிசயம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பக்கத்தில் நின்ற வேனில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். “நான் ஓட்டுறப்ப ஒரு நாளும் வாடை வந்ததில்ல. இவன் ஓட்டுறப்பதான் வருது.”

அந்தத் தம்பி ஒன்றுமே சொல்லவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

ஊருக்குத் திரும்பியதும் வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். “கிளட்ச் போயிருச்சு, செட்டோட மாத்தணும்” என்றார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது. ஏன் போனது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கழற்றிய பழைய பிளேட்டைக் காட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் காரணம் ஏற்கெனவே தெரியுமே! அந்தத் தம்பி!

அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அவனை வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள். “அந்தப் பையன் எப்படி டீச்சர் ஓட்டுறான்?” என்று கேட்டார்கள். “மலையில கிளட்சைக் கருக்கிட்டான், பாத்துக்குங்க” என்றேன். டீச்சர் சொன்னால் ஊரில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த இரண்டு வீட்டிலும் அவனுக்கு வேலை நின்றுபோனது.

அடுத்த வருடம், ஐப்பசி மாதம். புதுக் கிளட்ச் போட்டு ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. சாயங்காலம் பரமத்தி சாலையில் வந்துகொண்டிருந்தேன். வண்டியில் நான் மட்டும்தான். அதே வாடை.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் முன்னால் போன லாரியைச் சந்தேகப்பட்டேன். பிறகு யாரோ குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டேன். மறுநாள் ஒரு மல்லிகை சென்ட் பாட்டிலை வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டேன். நம்மைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற குணம் மனிதனுக்கு எப்படித்தான் வந்ததோ!

ஒரு வாரம் கழித்து ஒரு சின்ன மேட்டில் வண்டி ஏற மறுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வேகம் மட்டும் கூடவில்லை. இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று திருச்செங்கோடு சாலையில் ஒரு பெரியவரின் ஷெட்டுக்குப் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு குறைவு.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார். வண்டி எடுத்ததுமே வருதா, ஓடின பிறகா? மேட்டுலயா, சமதளத்துலயா? நின்னுக்கிட்டு இருக்கும்போது வருதா? ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்து ஓட்டினீங்களா? காகிதம் கருகின வாடையா, எண்ணெய் வாடையா, வயர் வாடையா? கீழ தரையில சொட்டு இருக்கா?

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கருகல் வாடை என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். உங்களுக்கும் உதவும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதமோ துணியோ கருகின மாதிரி இருந்தால் பெரும்பாலும் கிளட்ச். பிரேக் சூடானாலும் ஏறக்குறைய இதே வாடைதான் வரும். எந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அனல் அடிக்கிறது என்று கையைத் தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியும், தொடக் கூடாது. எண்ணெய் காய்ந்து கருகுகிற வாடை என்றால் இன்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ கசிந்து சூடான சைலன்சர் குழாயில் சொட்டுகிறது. அழுகின முட்டை மாதிரி என்றால் கியர் ஆயிலாக இருக்கலாம், அதில் கந்தகம் கலந்த மருந்து உண்டு. ஆனால் பேட்டரி அதிகமாக சார்ஜ் ஆனாலும், சைலன்சரோடு இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டாலும் அதே வாடை வரும். இனிப்பாக ஒரு வாடை வந்தால் ரேடியேட்டர் கூலன்ட். பிளாஸ்டிக் வாடை என்றால் ஒயரிங்காக இருக்கலாம், உடனே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். சில சமயம் ரோட்டில் கிடக்கிற பாலிதீன் பை பறந்து வந்து சைலன்சரில் ஒட்டிக்கொண்டும் இந்த வாடை வருமாம்.

பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, மெதுவாகக் கிளட்சை விட்டார். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி அணைந்துவிட வேண்டும். என் வண்டி அணையவில்லை, சும்மா ஓடிக்கொண்டே இருந்தது. “பிளேட் வழுக்குது” என்றார். இதை ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பப் பார்த்தால் மிச்சமிருக்கிற கிளட்சும் போய்விடும் என்றும் சொன்னார். நீங்களாக வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை மாட்டிவிட்டது. “வண்டி நகர்ற வரைக்கும் கொஞ்ச தூரம் நீங்களே மெதுவா ஓட்டுங்க டீச்சர்” என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவர் ரோட்டையே பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அரை கிலோமீட்டர் போனதும் கேட்டார்.

“டீச்சர், உங்க இடது கால் எங்க இருக்கு?”

“கிளட்ச் மேலதாங்க.”

“கியர் மாத்தி எவ்வளவு நேரமாச்சு?”

நான் பதில் சொல்லவில்லை. காலைத் தரையில் வைத்தேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக.

கியர் பாக்ஸை இறக்கினதும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளட்ச் பிளேட்டில் உரசுகிற பட்டை தேய்ந்து, ஆணி தலை காட்டுகிற நிலையில் இருந்தது. பிளைவீல் முகத்தில் ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு அதிகமாகச் சூடானால் அந்த நிறம் வரும். இன்ஜின் பக்கத்து ஆயில் சீலைத் துடைத்துக் காட்டினார், காய்ந்து சுத்தமாக இருந்தது. அது கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் வழுக்கும், அப்படியென்றால் பிளேட்டை மட்டும் மாற்றினால் மறுபடியும் போய்விடும் என்றார். கேபிளும் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் மிஞ்சியது என் இடது கால்.

இதில் வெட்கம் என்னவென்றால், இது நான் பாடம் நடத்திய விஷயம். உராய்வு. உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள், சூடாகிறதா என்று எத்தனை வகுப்புகளில் உங்களைத் தேய்க்க விட்டிருப்பேன்! கிளட்சும் அதேதான். இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் சில நேரம் நிற்க வேண்டும், சில நேரம் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு. பெடலை விட்டால் ஸ்பிரிங் அழுத்தத்தில் அந்தத் தட்டு பிளைவீலோடு இறுகிப் பிடித்து ஒன்றாகச் சுற்றும். முழுக்க மிதித்தால் விலகிவிடும். இரண்டு நிலையிலும் தேய்மானம் இல்லை. பாதி மிதித்த நிலையில்தான் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றி உரசும். உள்ளங்கையைத் தேய்த்த அதே சூடுதான், ஆனால் காரின் எடையோடு.

பெடலில் முதலில் கொஞ்சம் லூசாக ஒரு இடைவெளி இருக்கும். ப்ரீ பிளே என்பார்கள். காலைச் சும்மா வைத்திருந்தாலே அந்த இடைவெளி போய், ஸ்பிரிங்கின் பிடி கொஞ்சம் தளர்ந்துவிடும். நாம் மிதிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். காலின் எடை மிதித்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? டிரைவிங் ஸ்கூலில். “கால கிளட்ச்ல இருந்து எடுக்காதீங்கம்மா, எடுத்தா ஆஃப் ஆயிரும்” என்று அந்த இன்ஸ்டிரக்டர் தம்பி தினமும் சொல்வார். அவர் மேலும் பழி போட நான் வரவில்லை. நடுரோட்டில் என்னை மாதிரி ஒருத்தியை வைத்துக்கொண்டு வண்டி அணைந்துவிட்டால் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த இருபது நாளுக்கு அது சரிதான். இருபத்தொன்றாம் நாள் “இனிமேல் எடுத்துவிடுங்கள்” என்று சொல்ல யாருமில்லை. நாமும் எத்தனை பாடங்களை இப்படிப் பாதியில் விட்டிருக்கிறோமோ என்று அன்றிரவு யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் அப்போது கோழித் தீவனம் ஏற்றுகிற வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. விஷயத்தைச் சொல்லி, “தப்பு என்னோடதுப்பா. உன்மேல போட்டுட்டேன். மன்னிச்சுக்கோ” என்றேன்.

அவன் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியுங்க டீச்சர். வண்டியை எடுத்தப்பவே பெடல் ரொம்ப மேல வந்துதான் பிடிச்சுது. பிளேட் தேஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுது. காரவள்ளியிலயே சொல்லலாம்னு நெனச்சேன், டிரிப்பைக் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். மேல வாடை வந்தப்ப சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள எல்லாரும் உங்களைச் சிரிச்சுட்டாங்க. நானும் சேர்ந்து சொன்னா உங்களுக்கு அசிங்கமாப் போயிருமேன்னு பேசாம இருந்துட்டேன்.”

நான் அவமானப்படக் கூடாது என்று அவன் வாயை மூடிக்கொண்டான். நான் அவமானப்பட்டுவிட்டேன் என்று அவன் பிழைப்பில் கை வைத்தேன்.

திரும்பி வந்து அந்த இரண்டு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு வீட்டில் மறுபடியும் அவனைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்னொரு வீட்டில் அதற்குள் வேறு ஆள் நிரந்தரமாகி இருந்தார், அதை மாற்ற முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவன் இழந்த கூலியை நான் கணக்குப் போட்டுக் கொடுக்கப் போனேன். அவன் வாங்கவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒரு காரின் கிளட்ச் மட்டுமல்ல. என் கருத்து இதுதான். ஒரு கோளாறு வந்தவுடன் “யாரால்?” என்று கேட்கிற வீட்டில், பட்டறையில், வகுப்பறையில் உண்மையான காரணம் வெளியே வராது. பயமும் வெட்கமும் முந்திக்கொண்டு வேறு ஒரு பதிலைச் சொல்லிவிடும். அந்தப் பதிலை வைத்து நாம் பாகத்தை மாற்றுவோம், ஆளை மாற்றுவோம், வாடை திரும்பவும் வரும்.

கொல்லிமலையில் அன்றைக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கத் தேவையான எல்லாம் அந்த வளைவிலேயே இருந்தது. தெரிந்தவன் பக்கத்திலேயே நின்றான். தப்பு செய்தவளும் நின்றாள். “பெடல் எப்படி இருக்கு? வழக்கமா எப்படி ஓட்டறீங்க?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஒரு சிரிப்பு எங்கள் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிட்டது. எட்டாயிரம் ரூபாயும் போனது, ஒருவனுடைய வேலையும் போனது.

“அப்ப அண்ணி ஓட்டினதுதானே காரணம், நான் சொன்னது சரிதானே?” என்று கொழுந்தனார் கேட்பார். அவர் இதைப் படிப்பார், படிக்கட்டும். சரிதான், என் கால்தான் காரணம். ஆனால் நான் பெண் என்பது காரணம் இல்லை, வயதானவள் என்பதும் காரணம் இல்லை. சொல்லிக்கொடுத்தது பாதியில் நின்றதுதான் காரணம். அதே டிரைவிங் ஸ்கூலில் கற்ற ஆண்கள் எத்தனையோ பேர் இதே மாதிரி காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள் என்று ஷெட்டுக்காரப் பெரியவர் சொன்னார். கேலி தற்செயலாகச் சரியான ஆளைக் காட்டலாம், அந்த ஆள் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதனால் சொல்ல முடியாது. பெரியவர் கேட்ட ஒரு கேள்வியில் என் கால் தரைக்கு வந்துவிட்டது.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. வகுப்பில் மண்பானை உடைந்தால் “யாருடா உடைச்சது?” என்றுதான் நானும் கேட்டிருக்கிறேன். முப்பது பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொள்வீர்கள். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு அடி விழும். பானையை வாசல் நடையில் வைத்தது நான்தானே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அடி வாங்கியவர்கள் இதைப் படித்தால், உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இப்போது என் நாத்தனார் மகளுக்கும், வண்டி வைத்திருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் பெரியவரிடம் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணு, உன்னுடைய ஏ.எம்.டி. வண்டியில் கிளட்ச் பெடல் இல்லையே தவிர, உள்ளே இருப்பது இதே கிளட்ச்தான். உனக்குப் பதிலாக ஒரு கருவி மிதிக்கிறது, அவ்வளவுதான். மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னால் போகாமல் இருக்க ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்துக்கொண்டே நின்றால், அது பாதிக் கிளட்சில் நிற்பது. குன்னூர் மேட்டில் உனக்கு வந்த வாடை அதுவாகத்தான் இருக்க வேண்டும். பிரேக்கில் நில். நெரிசல் நீண்டால் நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடு. முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, இடம் கிடைத்ததும் ஒரேயடியாக நகரு. அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போகாதே.

டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக் என்றால் அது வேறு விஷயம். அதில் கியர் பாக்ஸுக்கென்று தனி ஆயில் உண்டு. சூடாகிக் கெட்டால் நிறம் கருத்து, தீய்ந்த வாடை அடிக்கும். அளவு குறைந்திருக்கிறதா, கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கிற அதே ரக ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், “எல்லாம் ஒண்ணுதான்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாதாரண கியர் வண்டிக்காரர்கள், கியர் மாற்றியதும் இடது காலைத் தரையில் வையுங்கள். மேட்டில் வண்டியைக் கிளட்சால் பிடித்து நிறுத்தாதீர்கள், ஹேண்ட் பிரேக் அதற்குத்தான் இருக்கிறது. மலை ஏறும்போது திணற விடாமல் சின்ன கியரில் காலை முழுக்க எடுத்துவிட்டு ஏறுங்கள். இறங்கும்போதும் கிளட்சை மிதித்துக்கொண்டே உருள விடாதீர்கள், சின்ன கியரில் இறங்குங்கள். வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றுகிற பொருள் அல்ல அது, மூடிய கூட்டுக்குள் இருக்கிறது. ஒரு தடவை வந்து ஆறிப்போய், வண்டி பழையபடி இழுத்தால் பயப்பட வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தாலோ, இன்ஜின் கத்தி வேகம் கூடாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள்.

பட்டறைக்குப் போனால் இரண்டே விஷயம் கேளுங்கள். “ஏன் போச்சு?” “பழைய பாகத்தைக் காட்டறீங்களா?” நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார். அவர் உங்கள் காலைப் பார்த்து ஏதாவது சொன்னால் நீங்களும் கோபப்படாதீர்கள்.

பெரியவர் போட்டுக்கொடுத்த கிளட்ச் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்லிமலைக்கு மறுபடியும் போய் வந்தோம். ஏறும்போது அந்தத் தம்பி ஓட்டினான். இறங்கும்போது நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு வளைவில், “டீச்சர், கால்” என்றான். பார்த்தேன். பெடல் மேல்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.

கண்ணு, அழித்த கேள்வியை இங்கே கமெண்டில் திரும்பவும் போடு. வாடை எப்போது வந்தது, இப்போது வண்டி எப்படி இழுக்கிறது என்றும் எழுது. நாமக்கல் பிள்ளைகளில் மெக்கானிக்குகள் நிறையப் பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், பதில் சொல்வார்கள். சிரிப்பு எமோஜி போடுகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்